காவல்கூலியும் காவல் உரிமமும்

பாலக்கரையிலிருந்து மேலப்புதூர் வரை நடந்து போகிறவர்கள் வீட்டு வாசல்களைக் கவனித்திருக்கலாம். முன்பெல்லாம் கேட்டில் "நாய் இருக்கிறது, ஜாக்கிரதை" என்று தகரத்தில் எழுதித் தொங்கவிட்டிருப்பார்கள். இப்போது பல வீடுகளில் அதற்குப் பதிலாக ஒரு ஒட்டுத்தாள், "இவ்வீடு 24 மணி நேரமும் கண்காணிப்பில் உள்ளது" என்கிறது. பிள்ளைகள் வெளிநாட்டிலோ பெங்களூரிலோ இருக்க, இரண்டு வயதானவர்கள் மட்டும் இருக்கும் வீடுகளில்தான் இந்த ஒட்டுத்தாளை அதிகம் பார்க்கிறேன்.

உரிமங்கள் சம்பந்தப்பட்ட கோப்புகளோடு பல வருடம் குப்பை கொட்டியவன் என்பதால் எனக்கு உடனே மூன்று கேள்விகள் எழும். கண்காணிப்பது யார்? அவருக்கு அனுமதி கொடுத்தது யார்? அந்த அனுமதியைத் திரும்ப வாங்கிக்கொண்டால், உள்ளே தூங்கும் அந்த இரண்டு பேருக்கும் யார் சொல்வார்கள்? மூன்றாவது கேள்வி புதியதல்ல. நம் ஊர்ப்பக்கம் அதற்கு நீண்ட சரித்திரம் இருக்கிறது.

முதலில் இந்தச் சேவை எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம். கதவிலும் ஜன்னலிலும் சிறு காந்தக் கட்டைகள், கூடத்து மூலையில் ஆள் அசைந்தால் உணரும் ஒரு கருவி, இவற்றையெல்லாம் சேர்த்து ஒரு பெட்டி. கதவு திறந்தால் பெட்டி அலறும். கூடவே அதிலுள்ள சிம் கார்டு வழியாக எங்கோ இருக்கும் கண்காணிப்பு அறைக்குத் தகவல் போகும். அங்கே இரவுப் பணியில் இருக்கும் ஒரு பையனோ பெண்ணோ வீட்டுக்காரரைக் கூப்பிட்டு விசாரிப்பார். பதில் இல்லையென்றால் காவல் நிலையத்துக்குச் சொல்லுவார். நாம் மாதாமாதம் பணம் கட்டுவது பெட்டிக்காக அல்ல, அந்த இரவுப் பணியாளர் விழித்திருப்பதற்காக.

'அலாரம்' என்ற சொல்லின் கதையும் சுவையானது. காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்த காலத்தில் எங்கள் ஆசிரியர் ஒருவர் சொற்களின் பூர்வீகத்தைச் சொல்லித் தருவார். இத்தாலியப் போர்வீரர்கள் "ஆயுதம் எடுங்கள்" என்ற பொருளில் "அல் ஆர்மே" என்று கூவியதைப் பிரெஞ்சுக்காரர்கள் "அலார்ம்" ஆக்கினார்கள். ஆங்கிலேயர்கள் அதை அங்கிருந்து எடுத்துக்கொண்டார்கள். ஆக, அலாரம் என்பது முதலில் ஒரு மனிதன் இன்னொரு மனிதனுக்குக் கொடுத்த குரல். மின்சாரத் திருட்டு மணிக்கு அமெரிக்காவில் அகஸ்டஸ் போப் என்பவர் 1853-இல் காப்புரிமை பெற்றார். அதை விலைக்கு வாங்கிய எட்வின் ஹோம்ஸ், 1858-இல் பாஸ்டன் நகரில் தொழிலாகத் தொடங்கினார். பிறகு வீடுகளையும் வங்கிகளையும் கம்பிகளால் ஒரு மைய அறையோடு இணைத்து, அங்கே ஆள் வைத்துப் பார்த்துக்கொள்ளும் முறையும் வந்தது. இன்றைய கண்காணிப்பு அறைக்கு அதுதான் பாட்டன்.

பணம் வாங்கிக்கொண்டு இன்னொருவர் சொத்தைக் காப்பது நமக்கு அமெரிக்காவிலிருந்து வந்த வழக்கம் அல்ல. சோழர் காலக் கல்வெட்டுகளில் 'பாடிகாவல்' என்ற வரி வருகிறது, ஊர்க்காவலுக்காக ஊரார் கொடுத்தது. கோயில்களில் 'திருமெய்க்காப்பு' என்ற காவல் பணி இருந்தது. தஞ்சைப் பெரிய கோயிலுக்கு எந்தெந்த ஊரார் மெய்க்காப்பு ஆட்களை அனுப்ப வேண்டும் என்று ராஜராஜன் கல்வெட்டிலேயே வெட்டி வைத்திருக்கிறான். மெய்க்காவல் என்ற சொல் ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கும் அந்நியமானதல்ல.

பின்னால் நாயக்கர், பாளையக்காரர் காலத்தில் இது இரண்டு அடுக்காக வளர்ந்தது. ஒரு கிராமத்தின் களத்தையும் மாட்டையும் காப்பது 'ஸ்தலகாவல்'. பல கிராமங்களையும் பாதைகளையும் சேர்த்துக் காப்பது 'தேசகாவல்'. காவல்காரருக்கு அறுவடையில் ஒரு பங்கு உண்டு. அதற்குப் பதிலாக ஒரு கடுமையான நிபந்தனையும் உண்டு. திருட்டுப் போனால் காவல்காரர் பொருளைக் கண்டுபிடித்துத் தர வேண்டும், இல்லாவிட்டால் அதன் மதிப்பைத் தன் கையிலிருந்து ஈடுகட்ட வேண்டும். காகிதத்தில் உரிமம் இல்லாத அந்தக் காலத்தில், ஈடு கட்டும் பொறுப்புதான் உரிமம்.

எந்த ஏற்பாடும் நாளடைவில் கெட்டுப்போகும் என்பதற்கு இதுவும் விலக்கல்ல. கூலி வாங்கினார்கள், ஈடு கொடுப்பது குறைந்தது. சில இடங்களில் காவல் கூலி கொடுக்காத வீட்டில்தான் திருட்டு நடக்கும் என்ற நிலை வந்தது. காணாமல் போன மாட்டைத் திரும்பப் பெற 'துப்புக்கூலி' என்று தனியாக ஒரு தொகை கொடுக்க வேண்டியிருந்தது. திருடியவருக்கும் துப்புச் சொன்னவருக்கும் நடுவில் என்ன உறவு என்று கேட்கக் கூடாது!

கிழக்கிந்தியக் கம்பெனி வந்ததும் இந்த உரிமையில் கை வைத்தது. திருநெல்வேலிப் பக்கம் கலெக்டராக இருந்த ஸ்டீபன் லஷிங்டன், பாளையக்காரர்கள் காவல் வரி வாங்கிக்கொண்டு கடமையைச் செய்வதில்லை என்று மேலிடத்துக்கு எழுதினார். பாளையக்காரர் போர்கள் முடிந்த 1801-ஐ ஒட்டி தேசகாவல் உரிமை பறிக்கப்பட்டது. அந்த வருமானம் கம்பெனியின் கணக்குக்குப் போனது. நம் மொழியில் சொன்னால், தென் தமிழகத்தில் நடந்த முதல் பெரிய காவல் உரிம ரத்து அது. ரத்து செய்தவர்களின் நோக்கம் முழுவதும் நியாயமானது என்று நான் சொல்லமாட்டேன். ஆயுதம் தாங்கிய ஆட்களைப் பாளையக்காரர்களிடமிருந்து பிரிப்பதும் வருமானத்தைத் தங்கள் பக்கம் திருப்புவதும் அதில் அடக்கம்.

எழுத்தர் கண்ணோடு பார்த்தால் அந்த உத்தரவில் ஒரு பெரிய ஓட்டை தெரிகிறது. காவலை ரத்து செய்தார்கள். அந்த இடத்தில் வேறு காவலை உடனே வைக்கவில்லை. கிராமத் தலைவர்களையும் தலையாரிகளையும் வைத்துக் காவலை ஒழுங்குபடுத்தும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1816-இல்தான் வந்தது. இன்று நாம் பார்க்கும் வடிவில் காவல் துறையை அமைத்த சென்னை போலீஸ் சட்டம் 1859-இல் வந்தது. இடைப்பட்ட காலத்தில் என்ன ஆகும்? ஊரார் பழைய காவல்காரருக்கே சத்தமில்லாமல் கூலி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். காகிதத்தில் ரத்தான காவல் களத்துமேட்டில் ரத்தாகவில்லை; பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி வரை நீடித்தது.

அதை முடிவுக்குக் கொண்டுவர ஊராரே முயன்றதும் உண்டு. 1890-களில் மதுரை, திண்டுக்கல் பக்கத்துக் கிராமங்கள் காவல் கூலி கொடுக்க மாட்டோம் என்று கூட்டம் போட்டு முடிவெடுத்தன. எல்லோரும் பணம் போட்டு ஒரு பொதுநிதி வைத்தார்கள். மாடு திருட்டுப் போனால் அந்த நிதியிலிருந்து ஈடு கொடுப்பது என்பது ஏற்பாடு. அதை 'பண்டு' என்றே மக்கள் அழைத்தார்கள். அதையொட்டிக் கலகங்களும் மூண்டன. வேதனையான சம்பவங்கள் நடந்தன. காவல் செய்து வந்த சமூகங்களின் மேல் பிற்பாடு குற்றப்பரம்பரைச் சட்டம் என்ற அநியாயமான சுமை விழுந்தது. சென்னை மாகாணத்தில் 1947-இல்தான் அது நீங்கியது. ஒருவர் தொழிலைப் பறிக்கும்போது அவர் பிறகு என்ன செய்வார் என்று யோசிக்காமல், அவரையே குற்றவாளி என்று முத்திரை குத்தினால் என்ன ஆகும் என்பதற்கு அது பாடம். ஆனால் அந்தப் பண்டு ஏற்பாட்டில் ஒரு தெளிவு இருந்தது. காவலை நிறுத்துவதற்கு முன்பே, நிறுத்தினால் வரும் நஷ்டத்துக்கு வழி செய்துகொண்டார்கள்.

எங்கள் தலைமுறைக்குத் தெரிந்த காவல்காரர் கூர்க்கா. நான் திருச்சிக்கு வந்த புதிதில் பாலக்கரைத் தெருக்களில் இரவு பன்னிரண்டு மணிக்கு மேல் தடி தட்டும் ஓசையும் விசிலும் கேட்கும். மாதம் பிறந்ததும் ஒரு சின்ன நோட்டோடு வீடு வீடாக வருவார். அவருக்கு உரிமம் கிடையாது, விலாசம்கூடக் கிடையாது. ஆனால் அவரிடம் ஒரு வசதி இருந்தது. இரண்டு இரவு விசில் கேட்கவில்லையென்றால் மூன்றாம் நாள் காலை தெருவே, "என்ன, கூர்க்காவைக் காணோமே?" என்று பேசும். காவல் நின்றுபோனால் உடனே தெரிந்துவிடும். இப்போதைய பெட்டியில் இல்லாத வசதி அது.

தனியார் பாதுகாப்பு நிறுவனங்கள் பெருகிய பிறகு நாடு முழுவதற்குமாக ஒரு சட்டம் வந்தது: தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டம், 2005. நடைமுறைக்கு வந்தது 2006 மார்ச் 15. உரிமம் இல்லாமல் இந்தத் தொழிலை நடத்தக் கூடாது. நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 25,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். உரிமக் கட்டணமாகச் சட்டம் வைத்தது ஒரு மாவட்டத்துக்கு 5,000 ரூபாய், ஐந்து மாவட்டங்கள் வரை 10,000, மாநிலம் முழுவதற்கும் 25,000. உரிமத்தின் ஆயுள் ஐந்து ஆண்டு. வருகிறவர்கள் பார்க்கும்படி அதை அலுவலகத்தில் மாட்டி வைக்க வேண்டும்.

உரிமத்தை ரத்து செய்வதைப் பற்றிச் சொல்வது 13-ஆம் பிரிவு. பொய் சொல்லியோ பொய்ப் பத்திரம் கொடுத்தோ உரிமம் வாங்கியிருந்தால், பணியின்போது கிடைத்த தகவலைத் தவறாகப் பயன்படுத்தினால், அரசாங்க ஆள் போல வேஷம் போட்டால், காவலாளிகள் மீண்டும் மீண்டும் அலட்சியமாக இருந்தால், தங்கள் பொறுப்பில் உள்ள சொத்தின் மீதான குற்றத்துக்கே உடந்தையானால், இப்படிப் பல காரணங்கள். இவற்றில் தகவலைப் பற்றிய காரணத்தை நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். வீடு எப்போது பூட்டியிருக்கிறது, எந்த மகன் எந்த நாட்டில் இருக்கிறான், அம்மா எத்தனை மணிக்கு மாத்திரை போட்டுக்கொண்டு தூங்குகிறாள் என்பதெல்லாம் கண்காணிப்பு அறையில் பதிவாகிறது. சாவிக்கொத்தை விட மதிப்பான தகவல் இது.

ரத்து செய்யும் முறையும் ஒழுங்காகவே இருக்கிறது. உரிமதாரரின் விளக்கத்தைக் கேட்காமல் ரத்து செய்யக் கூடாது. அவசரமென்றால் காரணத்தை எழுதி வைத்துவிட்டு முப்பது நாளுக்கு மிகாமல் நிறுத்தி வைக்கலாம். பதினைந்து நாளுக்குள் விளக்கம் கேட்க வேண்டும். உத்தரவு எழுத்தில் இருக்க வேண்டும், காரணம் சொல்ல வேண்டும். பிடிக்காதவர் அறுபது நாளுக்குள் உள்துறைச் செயலாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். உரிமக் கோப்புகளோடு பழகியவர்களுக்கு இதெல்லாம் தெரிந்த பாதைதான். முதலில் விளக்கம் கோரும் அறிவிப்பு, பிறகு சார்வு, விசாரணை, கடைசியில் செயல்முறை ஆணை. ஒருவன் பிழைப்பில் கை வைக்கும் முன் அவன் பேச்சைக் கேட்க வேண்டும் என்பது நல்ல சட்டம்.

ஆனால் இந்தப் பிரிவில் ஒரு வரி என் கண்ணை உறுத்துகிறது. உத்தரவின் நகல் "பாதிக்கப்பட்ட நபருக்கு" அனுப்பப்பட வேண்டும் என்கிறது. அலுவலகத்தில் இதை உரிமதாரர் என்றுதான் படிப்போம். பெறுநர் என்ற இடத்தில் அவர் பெயர், அடியில் நகல் என்று போட்டுக் காவல் நிலையம், கோப்புக்கு ஒன்று; அத்தோடு முடிந்தது. சரி, மாதாமாதம் பணம் கட்டி அந்தப் பெட்டியை நம்பித் தூங்குகிறவர் பாதிக்கப்பட்ட நபர் இல்லையா?

இதை வெறும் சொல் ஆராய்ச்சிக்காகக் கேட்கவில்லை. ஸ்ரீரங்கத்தில் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் தம்பதி வீட்டில் நடந்தது இது. மகன் வெளிநாட்டிலிருந்து ஏற்பாடு செய்து பெட்டி வைத்துக் கொடுத்திருந்தான். ஒரு நாள் ராத்திரி பூனை உள்ளே புகுந்து அலாரம் அலறியது. கண்காணிப்பு அறையிலிருந்து அழைப்பு வரவில்லை. மறுநாள் அந்த எண்ணுக்குப் போன் செய்தால் அது உபயோகத்திலேயே இல்லை. விசாரித்துப் பார்த்ததில், அந்த நிறுவனத்தின் உரிமம் காலாவதியாகிப் புதுப்பிக்கப்படாமல், அலுவலகத்தைக் காலி செய்துகொண்டு போய்ப் பல மாதம் ஆகியிருந்தது. பெட்டியில் சிவப்பு விளக்கு மட்டும் விடாமல் எரிந்துகொண்டிருந்தது. வங்கிக் கணக்கிலிருந்து பணமும் தவறாமல் போய்க்கொண்டிருந்தது.

மாமி என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "அந்த லைட் எரியறதே, யாரோ பாத்துண்டு இருக்கான்னு நெனச்சுண்டுதானே சார் இத்தனை நாளா கதவைக்கூட ரெண்டு தரம் பாக்காம தூங்கினோம்."

காவல் இல்லாத வீடு தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். தாழ்ப்பாளை இரண்டு முறை இழுத்துப் பார்க்கும், பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டுப் படுக்கும். காவல் இருப்பதாக நம்பிக்கொண்டிருக்கும் வீடு அதையெல்லாம் விட்டுவிடும். அதுதான் ஆபத்து.

சட்டத்திலேயே இதற்கு மருந்து இருக்கிறது. 15-ஆம் பிரிவின்படி ஒவ்வொரு நிறுவனமும் ஒரு பதிவேடு வைக்க வேண்டும். யார் யாருக்குச் சேவை தருகிறதோ அவர்களின் பெயரும் விலாசமும் அதில் இருக்க வேண்டும். ரத்து உத்தரவு போடும் அதிகாரி அந்தப் பதிவேட்டை வாங்கி, அதிலுள்ளவர்களுக்கு ஒரு வரித் தகவல் அனுப்பச் சொன்னால் போதும். சட்டத் திருத்தம்கூட வேண்டாம், உத்தரவின் அடியில் நகல் பட்டியலில் ஒரு வரி கூடினால் போதும். இன்னொரு சிக்கலும் உண்டு. 2005 சட்டத்தின் வரையறை ஆளையோ சொத்தையோ காப்பதைப் பற்றிப் பேசுகிறது, கவச வண்டியைக்கூடச் சேர்த்திருக்கிறது; ஆனால் தொலைவிலிருந்து அலாரத்தைக் கண்காணிப்பதைத் தனியாகப் பெயர் சொல்லிச் சேர்க்கவில்லை. காவலாளி அனுப்பாமல் பெட்டி மட்டும் மாட்டுகிறவர், "நான் மின்சாதனக் கடைக்காரன்தானே" என்று ஒதுங்கப் பார்ப்பார்.

பிரான்சில் இதைப் பெயர் சொல்லியே கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். தனியார் காவல் தொழிலுக்கு அங்கே 1983-இல் சட்டம் வந்தது. 1995 சட்டம் தொலைக் கண்காணிப்பு நிறுவனங்களுக்கு ஒரு கடமையை விதித்தது. அதை அவர்கள் 'லெவே த் தூத்' என்பார்கள். ஐயத்தைத் தீர்த்துக்கொள்ளுதல் என்று பொருள். அலாரம் அடித்ததும் போலீசைக் கூப்பிட்டுவிட முடியாது. உண்மையிலேயே யாரோ புகுந்திருக்கிறார்கள் என்பதற்கு அறிகுறிகள் உண்டா என்று முதலில் சரிபார்க்க வேண்டும். சரிபார்க்காமல் வீணாகக் கூப்பிட்டால் ஒவ்வொரு அழைப்புக்கும் 450 யூரோ வரை அபராதம். இந்தத் துறைக்கென்றே ஒரு தேசிய மன்றத்தை 2011 சட்டம் அமைத்தது. அனுமதி தருவதும் தண்டிப்பதும் அதன் வேலை.

அமெரிக்காவில் போலீசுக்கு வரும் அலாரம் அழைப்புகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பொய் அழைப்புகள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பூனை, காற்று, மறதி, இவைதான் பெரும்பாலும் திருடர்கள்! சால்ட் லேக் சிட்டி நகரத்தில் 2000-ஆம் ஆண்டு முதல், நேரில் யாராவது சரிபார்த்துச் சொன்னால்தான் போலீஸ் வரும் என்று வைத்துவிட்டார்கள். ஆள் இல்லாத மணியை நம்ப முடியாது என்று அவர்களும் கண்டுகொண்டார்கள்.

நம் திருச்சியும் 2019-இல் இதைப் பார்த்தது. அந்த ஜனவரியில் நம்பர் 1 டோல்கேட் பகுதியில் ஒரு வங்கியின் சுவரைத் துளைத்துப் பெட்டகங்களை உடைத்தார்கள். விடுமுறை முடிந்து திங்கட்கிழமை திறந்தபோதுதான் தெரிந்தது. அக்டோபர் 2-ஆம் தேதி அதிகாலை சத்திரம் பேருந்து நிலையத்தை ஒட்டிய பெரிய நகைக்கடையில் முகமூடி போட்ட இருவர் சுவரில் ஓட்டை போட்டுப் புகுந்து, சுமார் 13 கோடி ரூபாய் நகைகளை அள்ளிக்கொண்டு போனார்கள். கேமரா எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டிருந்தது. துப்புத் துலக்க அது உதவியது; தடுக்க உதவவில்லை.

இதற்கெல்லாம் அடியில் இருப்பது ஈடு கட்டும் கேள்வி. வங்கிப் பெட்டகங்கள் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில், வங்கிகள் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது என்றது. அதன்பின் ரிசர்வ் வங்கி விதி வகுத்து 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வங்கியின் கவனக்குறைவால் திருட்டு நடந்தாலோ ஊழியர் மோசடி செய்தாலோ ஆண்டு வாடகையைப் போல நூறு மடங்கு வரை வங்கி கொடுக்க வேண்டும். பழைய காவல்காரரின் நிபந்தனை இருநூறு வருடம் கழித்து வேறு உருவில் திரும்பி வந்திருக்கிறது. அலாரம் பெட்டிக்கு அப்படி ஒரு விதி இல்லை. உரிமத்தை ரத்து செய்வது நிறுவனத்துக்குத் தண்டனை. பொருளைப் பறிகொடுத்தவருக்கு அதனால் ஒரு குண்டுமணியும் திரும்பாது.

ஆகவே, என் வயதுக்காரர்களுக்கு ஒரு பழைய எழுத்தரின் யோசனைகள். வீட்டில் பெட்டி இருந்தால், அந்த நிறுவனத்தின் உரிமத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். எந்தெந்த மாவட்டத்துக்குச் செல்லும், எந்தத் தேதியில் முடிகிறது என்று பாருங்கள். முடியும் தேதியை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். திருட்டு நடந்தால் நிறுவனம் என்ன தரும் என்று ஒப்பந்தத்தில் தேடுங்கள். பெரும்பாலும் சின்ன எழுத்தில், கடைசிப் பக்கத்தில் இருக்கும். மாதம் ஒருமுறை அவர்களிடம் முன்கூட்டிச் சொல்லாமல் வேண்டுமென்றே அலாரத்தை அடிக்க விட்டு, எத்தனை நிமிஷத்தில் அழைப்பு வருகிறது என்று கடிகாரத்தைப் பாருங்கள். ஊருக்குப் போகும்போது காவல் நிலையத்திலும் எதிர் வீட்டிலும் சொல்லிவிட்டுப் போங்கள்.

ஸ்ரீரங்கத்து மாமி இப்போது அந்தப் பெட்டியைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டார். எதிர் வீட்டுப் பெண்ணும் அவரும் ஒருவருக்கொருவர் சாவி கொடுத்து வைத்திருக்கிறார்கள். தினமும் காலை ஏழு மணிக்குள் மாமி வீட்டு வாசலில் கோலம் விழவில்லையென்றால் அந்தப் பெண் வந்து கதவைத் தட்டுவாள். அந்த ஏற்பாட்டை ரத்து செய்ய யாருக்கும் அதிகாரம் இல்லை.